விளக்கெண்ணெய் வாசமுள்ள வான்படை

நல்லேப்பிள்ளியில் இன்று போர் விமானம் வாங்க ஒரு விரல் போதும். போனில் தேடி, படம் பார்த்து, அழுத்தினால் ஒரு வாரத்துக்குள் கொரியர் பையன் மஸ்டாங்கையோ ஸ்பிட்ஃபயரையோ பைக்கில் கொண்டுவந்து நிறுத்தி, "ஓடிபி சொல்லுங்க" என்கிறான். சொன்னால் விமானம் நமது. எண்பதுகளிலும் விரல்தான் முக்கியம். இன்ஜினைக் கிளப்பப் புரொப்பல்லரை விரலால் சுண்ட வேண்டும். சுண்டியதும் விரலை எடுத்துக்கொள்ளவும் வேண்டும். இந்த இரண்டாவது காரியத்தில் சுணங்கியவர்களின் சுட்டுவிரலில் தழும்பு விழும். எங்கள் மாமாவுக்கு இரண்டு கையிலும் இருந்தது. இடது கையில் எப்படி என்று கேட்டால், "வலது கையில கட்டுப் போட்டிருந்தப்ப அதுல சுண்டுனேன்" என்பார்.

விமானம் விட இதைவிடப் பொருத்தமில்லாத ஊர் கிடைப்பது கஷ்டம். மேற்குத் தொடர்ச்சி மலை முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு விலகி நிற்கும் பாலக்காட்டுக் கணவாய்க்குள் ஊர் இருக்கிறது. ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து காற்று. மார்கழி, தையில் கிழக்கேயிருந்து காற்று. காற்று ஓய்கிற நாளில் வயலில் நெல் நிற்கும். நெல்லை அறுத்து வயல் காலியானால், கிளம்பிப் போன காற்று திரும்பி வரும். வரப்பு நெடுகப் பனை. கஞ்சிக்கோட்டில் காற்றாலை வைத்தவர்களுக்கு இந்தக் கணவாய் வருமானம், எங்களுக்குச் செலவு.

அதிலும் எல்லைக்காரர்கள் ஊர். எங்கள் சித்தூர் தாலுகா அந்தக் காலத்தில் கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தது. சுற்றிலும் சென்னை மாகாணம். இரண்டாம் உலகப் போரின்போது சென்னை மாகாணத்தில் நிதி திரட்டிக் கொடுத்ததற்கு நன்றியாக, பிரிட்டிஷ் விமானப்படையின் 264-ஆம் ஸ்குவாட்ரனுக்கு 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்று பெயரே வைத்தார்கள். அந்த ஸ்குவாட்ரனிடம் இருந்தது டிஃபையன்ட் ரக விமானம். நான்கு துப்பாக்கியும் விமானிக்குப் பின்னால், சுழலும் கூண்டில். முன்னால் பார்த்துச் சுட ஒன்றுகூடக் கிடையாது. ஜெர்மன்காரர்கள் இதைக் கண்டுபிடிக்க ரொம்ப நாள் எடுத்துக்கொள்ளவில்லை. 1940 ஆகஸ்டில் வாங்கிய அடியோடு பகல் சண்டைக்கு அதை அனுப்புவதையே நிறுத்திவிட்டு, இரவுக் காவலுக்கு மாற்றினார்கள். "நல்ல வேளை, நாம கொச்சி. அந்தக் காசுல நம்ம காசு இல்ல" என்று மாமா ஆறுதல் அடைவார். காசு கொடுத்து வாங்கிய போர் விமானம் காலை வாரிவிடுவது எங்களோடு ஆரம்பித்த சங்கதி அல்ல என்பதில் எனக்கும் கொஞ்சம் ஆறுதல்தான்.

சித்தூரில் கும்ப மாதம் கொங்கன் படை நடக்கும். கொங்கு நாட்டு அரசன் படையெடுத்து வந்தான், பகவதி அவனை முறியடித்தாள் என்பது ஐதீகம். வருஷாவருஷம் வெடியும் வாணமும் ஆர்ப்பாட்டமுமாக அந்தப் போரைத் திரும்ப நடத்துவார்கள். வருஷாவருஷம் கொங்கன் தோற்பான். விடிந்ததும் நாங்கள் துணி எடுக்கவும் கண் டாக்டரைப் பார்க்கவும் அதே கொங்கு நாட்டுக்கு, அதாவது கோயம்புத்தூருக்கு, பஸ் ஏறிவிடுவோம். நான் மட்டும் மாடல் விமானத்துக்குப் பால்சா கட்டை தேட.

மாமா பீளமேட்டுப் பக்கம் ஒரு பம்புசெட் பட்டறையில் லேத் ஓட்டினார். விமானப் பைத்தியம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு சரித்திரமே வைத்திருந்தார். உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் கப்பற்படை தன் விமானங்களைப் பழுதுபார்க்கக் கோயம்புத்தூரில் ஒரு பெரிய பட்டறை வைத்திருந்தது, பெயர் எச்.எம்.எஸ். கருடா. சூலூரில் இருந்த ஓடுதளத்துக்கு எச்.எம்.எஸ். வைரி என்று பெயர். கடலைப் பார்க்க வேண்டுமானால் ரயிலேற வேண்டிய ஊரில் இரண்டு 'கப்பல்'. கருடா என்ற பெயர் பிறகு கொச்சியில் இந்தியக் கடற்படையின் விமானத் தளத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மாமாவுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பெரியவர் அந்தப் பட்டறையில் பையனாக வேலைக்கு இருந்தவராம். ஆக, தனக்குக் கப்பற்படை வழியில் விமானப்படைப் பாரம்பரியம் உண்டு என்பது மாமாவின் வாதம். அத்தை இதைக் கேட்கும்போதெல்லாம் எழுந்து உள்ளே போய்விடுவார்.

அப்போதெல்லாம் மாடல் விமானத்துக்கு இந்த நாட்டில் திக்கு கல்கத்தாதான். இந்தியாஸ் ஹாபி சென்டர் என்ற கடை 'அரோரா' என்ற பெயரில் சின்ன இன்ஜின்களும் கட்டுமானப் பெட்டிகளும் போட்டது. விலைப்பட்டியலுக்குக் கடிதம் எழுத வேண்டும், பட்டியல் வந்ததும் ஆர்டர் எழுத வேண்டும், பொருள் வி.பி.பி.யில் வரும். என்.சி.சி. ஏர் விங்கில் இருந்தவனுக்குக் கொஞ்சம் செல்வாக்கு: ஏரோமாடலிங் அங்கே பாடமாகவே உண்டு, பால்சா துண்டு எப்படியோ வெளியே கசியும். கல்லூரியில் நான் ஏர் விங்கில் சேர்ந்ததற்குத் தேசபக்தி காரணம் என்று வீட்டில் இன்றும் நம்புகிறார்கள்.

பால்சா ஈக்வடார் நாட்டு மரம். கையில் எடுத்தால் எடுத்தோமா இல்லையா என்று சந்தேகம் வரும். அது கிடைக்காதபோது மாமா நம்மூர் மட்டி மரத்தை, அதாவது தீக்குச்சிக்குப் போகும் மரத்தை, இழைத்துப் பார்த்தார். பால்சாவைவிட இரண்டு மடங்குக்கு மேல் கனம். அந்த விமானம் தரையில் மிக நன்றாக ஓடியது. முள்முருங்கையை முயன்றார், உலர்ந்ததும் வில்லாக வளைந்தது. இறக்கைச் சட்டத்தின் மேல் ஒட்டப் பட்டம் விடுகிற காகிதம். அதை விறைப்பாக்கத் தனியாக 'டோப்' என்று ஒரு பூச்சு உண்டு; அது கிடைக்காததால் மரச்சாமான்களுக்கு அடிக்கும் லாக்கரைத் தின்னரில் கரைத்துப் பூசினோம். நல்ல வெயிலில் பூசினால் காகிதம் டம்மென்று இழுத்துக்கொண்டு பளபளக்கும். கொஞ்சம் கூடினால் இறக்கை முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய இறக்கையைக் கொதிக்கும் அரிசிப்பானையின் ஆவியில் காட்டி நேராக்குவது அத்தை இல்லாத நேரத்தில் செய்ய வேண்டிய வேலை.

பொம்மைக்குத்தானே ஆகிற மரம் என்று யாரும் சிரிக்க வேண்டாம். பிரிட்டனின் மஸ்கிட்டோ போர் விமானத்தின் உடம்பே நடுவில் பால்சா, இருபுறமும் பிளைவுட் என்று ஒட்டிச் செய்ததுதான். 1944 கடைசியில் இந்தியாவில் இருந்த மஸ்கிட்டோக்கள் சில பறக்கும்போதே இறக்கை பிய்ந்து விழுந்தன. மொத்தத்தையும் தரையில் நிறுத்திவைத்துச் சோதித்தார்கள். பசைதான் நம் வெயிலுக்கும் ஈரத்துக்கும் தாங்கவில்லை என்று ஒரு கட்சி. பசை சரி, ஒட்டிய லட்சணம் சரியில்லை என்று மறு கட்சி. எங்கள் வீட்டுத் திண்ணையிலும் இதே விவாதம் நடந்திருக்கிறது. பசை வாங்கியவன் நான், ஒட்டியவர் மாமா.

முதலில் விட்டவை கயிற்று விமானங்கள். கன்ட்ரோல் லைன் என்பார்கள். இரண்டு மெல்லிய கம்பி, ஒரு கைப்பிடி. விமானம் வட்டமடிக்கும், பிடித்திருப்பவனும் கூடவே சுற்ற வேண்டும். மூக்கை ஏற்றலாம், இறக்கலாம், அவ்வளவுதான். எரிபொருள் தீரும்வரை நிறுத்த முடியாது. தீர்ந்ததும் விமானம் ஒழுங்காக இறங்கிவிடும். விமானிதான் வயலில் குப்புற விழுவான்.

கம்பியிலிருந்து விடுதலை கிடைத்தது ஷார்ஜாவால். அங்கே வேலை பார்த்த பெரியப்பா மகன் 1981-இல் ஊருக்கு வந்தபோது, சேலைக்கும் டேப்ரெக்கார்டருக்கும் நடுவில் ஒரு ஜப்பான் ஃபுட்டாபா ரேடியோ செட்டும் ஓ.எஸ். மேக்ஸ் இன்ஜினும் இருந்தன. இன்ஜின் அழகை விவரித்து முடியாது. உள்ளங்கையில் அடங்கும் அலுமினிய வார்ப்பு, சிலிண்டரைச் சுற்றிக் காற்றில் ஆறுவதற்கு வரிவரியாகத் தகடு, வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி நழுவும் பிஸ்டன். மாமா அதைத் தன் மைக்ரோமீட்டரால் அளந்து பார்த்துவிட்டு ஒரு நாள் முழுக்க யாரிடமும் பேசவில்லை.

ஏர்போர்ட்டில் சுங்கக்காரர்கள் டிரான்ஸ்மிட்டரைத் தூக்கிப் பிடித்து இது என்ன என்று கேட்டார்களாம். இழுத்தால் ஒரு முழத்துக்கு மேல் நீளும் ஏரியல், இரண்டு குச்சி, ஒரு முள் ஆடும் மீட்டர். பாட்டு கேட்கும் ரேடியோவுக்கே தபாலாபீசில் லைசென்ஸ் கட்டிய நாட்கள். வயர்லெஸ் கருவி வைத்திருக்க அனுமதி வேண்டும் என்று 1933-ஆம் வருஷத்துச் சட்டமே இருந்தது. பெரியப்பா மகன், "குட்டிகளுக்குள்ள டாய்" என்றார். மீசை வைத்த ஆள், இருபத்தெட்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. இருந்தும் விட்டுவிட்டார்கள். போர் விமானத்தைப் பொம்மை என்று சொல்லி நம்பவைக்க முடிந்த காலம் அது.

எந்த விமானம் கட்டுவது என்பதில் எனக்கும் மாமாவுக்கும் சண்டை. எனக்கு நாட். 1971 டிசம்பர் 14-ஆம் தேதி ஸ்ரீநகரில் குண்டு விழுந்துகொண்டிருந்த ஓடுதளத்திலிருந்து நாட் விமானத்தில் ஏறி, பாகிஸ்தானின் சேபர் ஜெட்களோடு மல்லுக்கட்டி உயிரை விட்ட நிர்மல்ஜித் சிங் சேகோன், விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்ற ஒரே ஆள். அந்தக் கதையைப் படித்த பையன் வேறு எதைக் கேட்பான்? "ஜெட்டுக்கு உங்கொப்பனா இன்ஜின் தருவான்?" என்றார் மாமா. அவர் கட்சி ஹரிக்கேன். உலகப் போரில் இம்பாலில் நம் விமானப்படையின் அர்ஜன் சிங் ஓட்டியது. தவிர, நிஜ ஹரிக்கேனே பின்பாதிக்கு மேலே மரப்பட்டியும் துணியும்தான், ஏமாற்று வேலை இல்லாமல் செய்யலாம். நாற்பது அடி இறக்கையை எட்டில் ஒரு பங்காக்கினால் ஐந்து அடி. வீட்டு மேஜையில் அடங்கும். மாமா ஜெயித்தார். இன்ஜின் அவர் பக்கம் இருந்தது.

இப்போது எரிபொருள். விஷயமே இங்கேதான்.

அந்த இன்ஜினுக்குப் பெட்ரோல் ஆகாது. தலையில் குளோ பிளக் என்று ஒரு சின்னத் திருகு. அதற்குள் பிளாட்டினம் கலந்த முடிக்கம்பிச் சுருள். முதலில் ஒன்றரை வோல்ட் செல்லால் அதைச் சிவக்கவைத்து, புரொப்பல்லரைச் சுண்ட வேண்டும். ஓடத் தொடங்கியதும் செல்லைக் கழற்றிவிடலாம். மெதனால் ஆவி பிளாட்டினத்தில் பட்டாலே சுருள் தானாகச் சிவந்தபடி இருக்கும். ஆகவே மெதனால்தான் வேண்டும், வேறெதுவும் ஒத்துக்கொள்ளாது. எண்பது பங்கு மெதனால், இருபது பங்கு விளக்கெண்ணெய். இந்த விளக்கெண்ணெய் முழுதாக எரிவதில்லை. புகையோடு பின்னால் கக்கி விமானம், சட்டை, தலைமுடி எல்லாவற்றிலும் படியும். முதல் உலகப் போர் விமானிகள் நாள் முழுக்க இந்தப் புகையை விழுங்கிவிட்டுத் தரையிறங்கியதும் எங்கே ஓடினார்கள் என்பதைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை.

விளக்கெண்ணெய் செக்கில் கிடைத்தது. மெதனால்? 1982 ஓணத்துக்கு வைப்பின் தீவில் விஷச் சாராயம் குடித்து ஆட்கள் செத்துச் செத்து விழுந்தார்கள். பிழைத்தவர்கள் பலருக்குக் கண் போயிற்று. சாராயத்தில் கலந்திருந்தது மெதில் ஆல்கஹால். அதற்கு அடுத்த மாதங்களில், கள்ளுக்குப் பேர்போன சித்தூர் தாலுகாவிலிருந்து ஒருவன் போய் "மெதில் ஆல்கஹால் அஞ்சு லிட்டர் வேணும்" என்று கேட்டால் கடைக்காரர் முகம் எப்படிப் போகும்? "எதுக்குங்க?" என்பார். "விமானத்துக்குங்க." அதோடு சரி, அடுத்த வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விடுவார்.

மாமா கோயம்புத்தூரில் கெமிக்கல் கடை ஒன்றில் பட்டறை லெட்டர்பேடைக் கொடுத்து வாங்கிவிட்டார். எல்லையைத் தாண்டிக் கொண்டுவருவது என் பொறுப்பு, கூட அவரும் வந்தார். செக்போஸ்ட்டில் பஸ்ஸை நிறுத்திச் சோதித்தார்கள். ஸ்பிரிட் கடத்தல் ஜோராக நடந்த பாதை. கேனைத் திறந்து மோந்து பார்த்த காக்கிச் சட்டைக்காரருக்கு அன்றைய தினம் பலித்துவிட்டது. இறக்கிவிட்டார்கள். மாமா பதறவில்லை. பையிலிருந்து, பலகையில் போல்ட் போட்டு இறுக்கிய இன்ஜினை எடுத்தார். பட்டறையில் ஓட்டிப் பார்க்கவென்று எடுத்துப் போனது. அவர்கள் மேஜை விளிம்பிலேயே பலகையை கிளாம்ப் போட்டுப் பிடித்து, எண்ணெயும் மெதனாலும் கலந்து ஊற்றி, பெரிய டிரை செல்லை இணைத்து, சுண்டினார். நாலாவது சுண்டில் இன்ஜின் வீறிட்டது. ரெஜிஸ்டர் தாள்கள் பறந்தன. நீலப்புகையும் விளக்கெண்ணெய் நெடியும் அறையை நிரப்ப, லாரி டிரைவர்கள் ஜன்னலில் கூடிவிட்டார்கள். "நிர்த்து, நிர்த்து!" என்று கத்திய காக்கிச் சட்டைக்காரர், நின்றதும் முதலில் கேட்டது: "இது எத்ர ஆர்பிஎம்?"

பன்னிரண்டாயிரத்துக்கு மேல் என்று மாமா சொன்னார். கேன் திரும்பிக் கிடைத்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் காக்கிச் சட்டைக்காரரின் பையன் சைக்கிளில் எங்கள் வயலுக்கு வந்து நின்றான்.

மாசி அறுப்பு முடிந்த வயலில்தான் ஹரிக்கேன் பறந்தது. பத்துப் பதினைந்து பேர் பார்வையாளர்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்து, "உள்ள யாரு சாமி ஒக்காந்திருக்கா?" என்று கேட்டார். யாருமில்லை என்றதும் நம்பாமல் என்னை எண்ணிப் பார்த்தார், மாமாவை எண்ணிப் பார்த்தார். ரேடியோவுக்கு அலைவரிசைப் படிகம் என்று ஒரு சின்னத் துண்டு உண்டு; ஒரே படிகத்தை இரண்டு பேர் போட்டால் இரண்டு விமானமும் விழும் என்று எச்சரிக்கைத் தாளில் போட்டிருந்தது. பாலக்காடு ஜில்லாவிலேயே வேறு டிரான்ஸ்மிட்டர் இருந்ததா என்பதே சந்தேகம். வானம் முழுக்க எங்களுக்கே. அப்படியும் விமானம் நேராகப் போய் ஒரு பனையில் ஏறியது. எதிரே வரும் விமானத்துக்கு இடது வலது மாறிவிடும். குச்சி பிடித்த மாமாவின் கை மாறவில்லை.

கள் இறக்கும் அண்ணன் தன் கத்திப் பெட்டியோடு ஏறினார். மேலே ரொம்ப நேரம் சத்தமில்லை. பிறகு ஒரு குரல் வந்தது: "ஏனுங்க, உங்க பிளேனு என்ற கலயத்துல எண்ணெயக் கக்கி வெச்சிருக்குதுங்க. இத எவன் குடிப்பான்?" கொஞ்சம் யோசித்து, "குடிச்சா அவன் கதி என்னாகறது?" என்றும் கேட்டார். இறக்கியதற்குக் கூலி வாங்கவில்லை. கலயத்துக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார். அதை அவர் கொட்டினாரா, விற்றாரா என்று நாங்கள் விசாரிக்கவில்லை.

அதெல்லாம் போய்விட்டது. மாமாவும் இல்லை. இன்று பெட்டியில் வருகிற மஸ்டாங் பஞ்சு மாதிரி ஃபோம். இறக்கை ஒரு முழம்கூட இருக்காது, எடை நூறு கிராமுக்குள். மின் மோட்டார், லிப்போ பேட்டரி, 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ. படிகமும் இல்லை, மோதலும் இல்லை. உள்ளே ஒரு கைரோ இருக்கிறது. குச்சியை விட்டுவிட்டால் தானே நேராகிக்கொள்ளும். கற்றுக்குட்டி நிலையில் வைத்தால் தலைகீழாகப் போகச் சொன்னாலும் மறுத்துவிடும். மாமாவைவிடப் புத்திசாலி, மாமாவைவிடப் பிடிவாதம். கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் நிஜ விமானத்தின் மெர்லின் இன்ஜின் சத்தத்தை ஸ்பீக்கரில் போட்டுக்காட்டும் பெட்டியும் உண்டு. விளக்கெண்ணெய் நெடிக்கு இன்னும் யாரும் பெட்டி கொண்டுவரவில்லை.

காற்றுக்கு மட்டும் இந்தப் புத்திசாலித்தனம் தெரியாது. ஆடியில் விட்டால் நூறு கிராம் மஸ்டாங் நேராகத் தமிழ்நாட்டுக்குக் கிளம்பிவிடுகிறது, செக்போஸ்ட்டில் நிற்பதுமில்லை.

போன கோடை விடுமுறைக்கு அக்கா பேரன் வந்திருந்தான். எடுத்த எடுப்பில் பறக்கவிட்டான். ஒரு வட்டம், ஒரு குட்டிக்கரணம். குட்டிக்கரணத்துக்கென்று தனி பட்டனே இருக்கிறது. நான் காற்றுப் பக்கம் பார்த்து, "இப்ப மெதுவா லேண்டிங்குக்குக் கொண்டா" என்றேன். "லேண்டிங் வேண்டாம் மாமா தாத்தா, வீடியோ எடுத்தாச்சு" என்று ரிமோட்டை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டான். தலைக்கு மேல் அப்போது சூலூரிலிருந்து கிளம்பிய ஏதோ ஒன்று இடித்துக்கொண்டு போயிற்று. தேஜஸாக இருக்கலாம். சேகோனின் 18-ஆம் ஸ்குவாட்ரனுக்கு 2020 மே மாதம் சூலூரில்தான் தேஜஸ் கொடுத்தார்கள். அண்ணாந்து பார்த்தவன் நான் ஒருத்தன்.

இந்தப் பொழுதுபோக்கில் இப்போது பையன்களே இல்லை. எல்லாம் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிற வயது. நடிகர் அஜித்குமார் ரேடியோ கன்ட்ரோல் விமானம் விடுகிறவர் என்பதும், 2018-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் வாங்கிய சென்னை எம்.ஐ.டி.யின் தக்‌ஷா அணிக்கு அவர் ஆலோசகராக இருந்தார் என்பதும் எங்களுக்குப் பெரிய துணை. வீட்டில் கேள்வி வந்தால் அவர் பெயரைச் சொல்லிவிடலாம். இதில் நடிகர்கள் இறங்குவது புதிதல்ல. 1930-களில் ஹாலிவுட் நடிகர் ரெஜினால்ட் டென்னி ஒரு மாடல் விமானக் கடை வைத்தார். அந்தப் பொம்மையைப் பெரிதாக்கி, பீரங்கிக்காரர்கள் சுட்டுப் பழக ஆளில்லா விமானம் என்று ராணுவத்துக்கு விற்றார். ரேடியோபிளேன் என்ற அவர் கம்பெனி போர்க் காலத்தில் அதை ஆயிரக்கணக்கில் செய்து தள்ளியது. அங்கே வேலை பார்த்த ஒரு பெண்ணை ராணுவப் புகைப்படக்காரர் படம் எடுக்கப் போய், அவர் பிறகு மர்லின் மன்றோ ஆனார். பொம்மைக் கடைக்கும் ஆயுதக் கிடங்குக்கும் நடுவே கதவு அப்போதே திறந்துதான் கிடந்தது; எங்களுக்குத்தான் தெரியாது.

எங்கள் வயதுக்காரர்களில் ரோஷமுள்ளவர்கள் பெட்டியில் வாங்குவதை இன்னும் இழிவாக நினைக்கிறோம். கட்டத்தான் செய்கிறோம். பால்சா இப்போது விலைக்குக் கிடைக்கும், ஆனால் அதைவிடச் சல்லிசாக சன்பேக் அட்டை இருக்கிறது: தேர்தல் போர்டு அடிக்கிற அந்தப் பிளாஸ்டிக் அட்டை. தேர்தல் முடிந்த வாரம் கம்பத்துக்குக் கம்பம் கழற்றிக்கொள்ளலாம், ஜெயித்தவரும் கேட்பதில்லை, தோற்றவரும் கேட்பதில்லை. நான் கடைசியாகச் செய்த ஸ்பிட்ஃபயர் வயிற்றுப்பக்கம் ஒரு வேட்பாளர் பாதி முகத்தோடு கும்பிட்டபடி இருக்கிறார். வலது இறக்கையடியில் சின்னம். மேலே போனதும் தெளிவாகத் தெரிகிறது. எங்கள் வார்டில் இதை வைத்து என் கட்சி எது என்று தீர்மானித்துவிட்டார்கள்.

சட்டமும் ஒரு வகையில் மாமா கட்சி. 2022 பிப்ரவரியில் மத்திய அரசு முழு டிரோனை இறக்குமதி செய்வதற்குத் தடை போட்டது, பாகங்களுக்குத் தடையில்லை. வாங்காதே, கட்டு. 2021-இன் டிரோன் விதிகளில் எங்களுக்கென்று ஓர் இனமே உண்டு: இருபத்தைந்து கிலோவுக்கு மிகாமல், கண் பார்வைக்குள், படிப்புக்கோ பொழுதுபோக்குக்கோ விடும் மாடல் விமானம், அதற்கு ரகச் சான்றிதழ் வேண்டியதில்லை. கூடவே பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வானத்துக்கு வண்ணம் பூசிய வரைபடம். நான் அதன் அச்சுப் பிரதியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வயலுக்குக் கொண்டுபோகிறேன். மாமா கேனைத் திறந்து காட்டினார், இன்ஜினை ஓட்டிக் காட்டினார். நான் பி.டி.எஃப். காட்டுகிறேன். பி.டி.எஃப்-ஐப் பார்த்து யாரும் ஆர்பிஎம் கேட்டதில்லை.

இப்போது முதல் கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான்: "அதுல கேமரா இருக்குதுங்களா?" அன்றைக்கு, 'உள்ளே யார்' என்று கேட்ட பாட்டியின் மருமகள்தான் இதை முதலில் கேட்டவர். கொல்லைப்புறத்தில் துணி காயப்போட்டிருந்தார். இல்லை என்றேன். பாட்டியைவிட நம்பவில்லை. 2025 மே மாதம் பாகிஸ்தானோடு சண்டை நடந்த ஆபரேஷன் சிந்தூர் நாட்களில் தொலைக்காட்சி முழுக்க டிரோன். நான் சன்பேக் ஸ்பிட்ஃபயரை எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்தபோது டீக்கடையில் பேச்சு நின்றது. "பொம்மைங்க" என்றேன். "எல்லாம் முதல்ல அப்பிடித்தான் சொல்றாங்க" என்றார் ஒருவர், சிரிக்காமல்.

அவர் சொன்னதில் தப்பில்லை. அடுத்த மாதம் முதல் தேதியே உக்ரைன்காரர்கள் லாரிக்குள் ஒளித்துக் கொண்டுபோன சின்ன டிரோன்களை ரஷ்யாவின் உள்நாட்டு விமானத் தளங்களுக்குப் பக்கத்தில் கிளப்பி, சைபீரியாவின் பெலாயா உட்பட, நின்றுகொண்டிருந்த பெரிய குண்டுவீச்சு விமானங்களை எரித்தார்கள். அந்தச் சின்ன ரகத்துக்கு ஆகிற பிரஷ்லெஸ் மோட்டாரும் லிப்போ பேட்டரியும் என் மேஜை டிராயரில் கிடக்கும் ஜாதிதான். நிஜப் போர் விமானத்தைக் காப்பியடித்து நாங்கள் பொம்மை செய்தோம். இப்போது பொம்மை போய் நிஜத்தைக் கொளுத்துகிறது. அந்தச் செய்தியைப் படித்த காலை நான் டிராயரைப் பூட்டினேன். சாவியை எங்கே வைப்பது என்று வேறு யோசிக்க வேண்டியிருந்தது.

போன மாசியில் ஸ்பிட்ஃபயர் பனையில் ஏறிவிட்டது. அதே வரப்பு, அதே பனையா என்று சத்தியம் செய்ய மாட்டேன். வேட்பாளர் கீழ்நோக்கிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். மரம் ஏறுகிறவர்கள் இப்போது அபூர்வம். மூன்று பேரிடம் சொல்லி அனுப்பியதில் பழைய அண்ணனின் மகன் வந்தார், பைக்கில், காதில் ப்ளூடூத்தோடு. அண்ணாந்து பார்த்தார். எண்ணூறு ரூபாய் என்றார்.

"உங்கப்பா சும்மாதான் இறக்கிக் குடுத்தாருங்க" என்றேன்.

"அப்பா இருக்கறவரைக்கும் அந்தப் பனையில கள்ளு இருந்துச்சுங்க" என்றார். ஜி-பே எண்ணைச் சொல்லிவிட்டு, கயிற்றை இடுப்பில் சுற்றியபடியே திரும்பினார். "ஏனுங்க, இத்தன வெச்சிருக்கீங்களே, போய் எடுத்துட்டு வர்ற மாதிரி ஒண்ணு செய்யக்கூடாதுங்களா?"